சிப் சோதனை பொய்க்கும்போது: ஹிஸ்டோன் குறிகளைத் தேடுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மீதுள்ள மெத்தில், அசெட்டைல் முதலிய வேதிக் குறிகளில் எது எந்த மரபணுவின் அருகே அமர்ந்திருக்கிறது என்பதை அறிய, பல ஆய்வுக்கூடங்கள் இன்றும் நம்பியிருப்பது குரோமாட்டின் இம்யூனோபிரெசிப்பிட்டேஷன் என்னும் சிப் சோதனையைத்தான். செல்லின் டிஎன்ஏவையும் அதைச் சேர்ந்த புரதங்களையும் (இரண்டும் சேர்ந்ததே குரோமாட்டின்) ஒன்றோடொன்று பிணைத்து, துண்டாக்கி, தேடும் குறியில் ஒட்டும் ஆன்டிபாடி என்னும் புரதத்தால் அந்தத் துண்டுகளை மட்டும் மணிகளில் பிடித்து, கடைசியில் அவற்றின் டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆரில் முடியும் இந்த வேலை பல நாள்கள் நீள்வது. தவறு முதல் நாள் காலையில் நடந்திருக்கும். அது தெரியவருவது கடைசி நாள் மாலையில். அந்த மாலையில் எல்லோரும் முதலில் குற்றம் சாட்டுவது ஆன்டிபாடியைத்தான், ஏனென்றால் இருப்பவற்றிலேயே விலை உயர்ந்ததும், உள்ளே என்ன இருக்கிறது என்று நம்மால் பார்க்க முடியாததும் அதுதான். ஆனால் பிழைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தேடிப் போனால், பெரும்பாலானவை ஆன்டிபாடி குழாயில் விழுவதற்கு முன்பே, குரோமாட்டின் தயாரிப்பிலேயே நடந்தவையாக இருக்கும். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும், பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

ஹிஸ்டோன் குறிகளை இங்கே ஹெச்3-கே4 மும்மெத்தில், ஹெச்3-கே27 அசெட்டைல் என்ற முறையில் எழுதுகிறேன். கே என்பது லைசின். அடுத்து வரும் எண், ஹெச்3 புரதத்தில் அந்த லைசினின் இடம்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு ஒப்பீடுகள் இல்லாத சிப் சோதனையில் பிழை தேடுவது வீண் வேலை. முதலாவது இன்புட், அதாவது ஆன்டிபாடி சேர்ப்பதற்கு முன் எடுத்து வைத்த 1 சதவீதக் குரோமாட்டின். இரண்டாவது, உங்கள் ஆன்டிபாடி எந்த விலங்கிலிருந்து வந்ததோ அதே விலங்கின் சாதாரண ஐஜிஜி, அதாவது எந்தக் குறியையும் குறிவைக்காத ஆன்டிபாடி. மூன்றாவது, எந்தக் குறியையும் பொருட்படுத்தாமல் ஹெச்3 புரதத்தை மட்டும் பிடிக்கும் மொத்த ஹெச்3 ஆன்டிபாடி. நான்காவது, விடை முன்பே தெரிந்த இரண்டு இடங்களுக்கான பிரைமர்கள், அதாவது பிசிஆர் எந்த இடத்தைப் பெருக்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள். மனிதச் செல்களில் ஹெச்3-கே4 மும்மெத்திலுக்கும் ஹெச்3-கே27 அசெட்டைலுக்கும் ஜிஏபிடிஹெச் மரபணுவின் புரோமோட்டர் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் பகுதி) நல்ல நேர்மறை இடம், அதாவது குறி இருக்கும் இடம். தசை அல்லாத செல்களில் ஹெச்3-கே27 மும்மெத்திலுக்கு மையோடி1 மரபணுவின் புரோமோட்டர் பொருந்தும்.

இவற்றுள் மாணவர்கள் சிக்கனம் என்று எண்ணிக் கைவிடுவது மூன்றாவதை. அதைத்தான் கைவிடக் கூடாது. குறி குறைந்திருக்கிறதா, அல்லது அந்த இடத்தில் நியூக்கிளியோசோமே (டிஎன்ஏ சுற்றிய ஹிஸ்டோன் உருண்டை) இல்லையா என்ற கேள்விக்கு மொத்த ஹெச்3 தவிர வேறெதுவும் விடை சொல்லாது. கீழே சில அறிகுறிகள் அந்த ஒரு குழாயை வைத்துத்தான் பிரிகின்றன.

## அறிகுறி 1: துண்டாக்கிய பின்னும் டிஎன்ஏ ஜெல்லின் குழியருகே நிற்கிறது

டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் எதிர்பார்ப்பது 200 முதல் 500 கார இணை வரை பரவிய தடம். பார்ப்பதோ 1,000க்கு மேலே கனத்த பட்டை, அல்லது குழிக்குள்ளேயே தேங்கிய வெளிச்சம்.

முதலில் ஜெல்லையே சந்தேகியுங்கள். பிணைப்பை அவிழ்க்காமல் நேரடியாக ஜெல்லில் ஏற்றினால், டிஎன்ஏவுடன் ஒட்டிய புரதம் அதன் ஓட்டத்தைத் தடுத்து, நன்றாகத் துண்டான மாதிரியையும் பெரியதாகக் காட்டும். ஒரு சிறு பங்கை எடுத்து, ஆர்என்ஏஸ் சேர்த்து, பின்னர் புரோட்டீனேஸ் கே சேர்த்து 65 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்து, டிஎன்ஏவைச் சுத்திகரித்து, 1.5 சதவீத அகரோஸில் மீண்டும் ஓட்டுங்கள். குழிக்கு அளவுக்கு மீறி டிஎன்ஏ ஏற்றினாலும் தடம் மேலே தள்ளிக் காட்டும். இந்த இரண்டையும் சரிசெய்த பின்னும் பட்டை மேலேயே நின்றால்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது.

அடுத்து, பிணைப்பு அளவு மீறியிருக்கலாம். வழக்கமான அளவு 1 சதவீத ஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம். 10 மில்லிலிட்டர் ஊடகத்துக்கு 37 சதவீதக் கரைசலில் ஏறக்குறைய 270 மைக்ரோலிட்டர். அதன் பின் 125 மில்லிமோலார் கிளைசின் சேர்த்து 5 நிமிடத்தில் வினையை நிறுத்த வேண்டும். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நெறிமுறைகளில் "அறை வெப்பநிலை" என்று எழுதியவர்கள் 20 முதல் 25 டிகிரி வரையிலான அறையை மனத்தில் கொண்டு எழுதியவர்கள். குளிர்சாதனம் நின்றுபோன மே மாத ஆய்வுக்கூடத்தில் அதே 10 நிமிடம், அதே பிணைப்பு அன்று. ஆகவே ஊடகத்தையும் தட்டையும் 25 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து நேரம் பார்ப்பதே பாதுகாப்பு. ஜனவரியில் வேலை செய்த நெறிமுறை கோடையில் கைவிடுகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது அறையின் வெப்பமானியைப் பற்றித்தான்.

செல்கள் நெருக்கமாக இருக்கலாம். ஒரு மில்லிலிட்டருக்கு 1 முதல் 2 கோடி செல் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் துண்டாக்கும் கருவியான சோனிகேட்டரின் ஒலி அலை ஆற்றல் பகிர்ந்துபோய் எதுவும் முழுதாக உடையாது. கருவியின் சக்தியைக் கூட்டுவதற்கு முன் மாதிரியை நீர்த்துப் பாருங்கள்.

நுரை. சோனிகேட்டரின் முனை திரவத்தின் மேற்பரப்புக்கு அருகில் இருந்தால் நுரை பொங்கும். நுரைக்குள் ஒலி அலை செல்லாது. நுரை வந்துவிட்டால் நிறுத்தி, சில நிமிடம் பனியில் அடங்கவிட்டு, முனையை ஆழமாக இறக்கி, குறைந்த சக்தியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில் எஸ்டிஎஸ் என்னும் சோப்பு 1 சதவீதம் இருந்தால் அது பனியில் வெண்மையாகப் படியும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். படிந்த சோப்புக்குத் துண்டாக்கலில் பங்கில்லை. பஃபரைச் சேர்க்கும் வரை அறை வெப்பத்தில் வைத்திருந்து, சேர்த்த பின் மாதிரியை அளவோடு குளிர்வித்தால் போதும்.

ஒலிக்குப் பதிலாக எம்என்ஏஸ் நொதியால் வெட்டுபவர்கள் வேறொன்றைப் பார்க்க வேண்டும். இந்த நொதிக்குக் கால்சியம் இல்லாமல் வேலை ஓடாது. முந்தைய படியின் பஃபரில் இருந்த ஈடிடிஏ கழுவப்படாமல் எஞ்சியிருந்தால் அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நொதி இருந்தும் வெட்டாது. நொதியின் அளவைக் கூட்டுவது இதற்கு விடையன்று. உட்கருக்களைக் கால்சியம் உள்ள பஃபரில் இன்னொரு முறை கழுவுவதே விடை.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: முன்பு நன்றாகத் துண்டான தொகுதியிலிருந்து, துண்டாக்காமல் உறைய வைத்துப் பாதுகாத்த மாதிரி ஒன்றை அதே கருவியில் இட்டுப் பாருங்கள். அதுவும் உடையவில்லை என்றால் பிழை உங்களுடையது அன்று. முனை தேய்ந்திருக்கிறது, அல்லது கருவியின் ஒலி உற்பத்திப் பகுதி தளர்ந்திருக்கிறது. முனையின் நுனியில் குழிகள் தெரிந்தால் அதை மெருகேற்றவோ மாற்றவோ சேவைப் பொறியாளரால்தான் முடியும்; அதற்குள் சக்தியை உச்சத்துக்கு ஏற்றிச் சமாளிக்க முயன்றால் மாதிரி சூடாகிப் புரதம் சிதைவதுதான் மிச்சம்.

## அறிகுறி 2: துண்டுகள் அளவுக்கு மீறிச் சிறியவை

ஆர்என்ஏஸ் சேர்க்காத மாதிரியில் ஆர்என்ஏ ஜெல்லின் அடியில் ஒளிர்ந்து, சிறு டிஎன்ஏ போலத் தோன்றும்; முதலில் அதை விலக்குங்கள். எம்என்ஏஸ் பயன்படுத்தியவர்களுக்கு 150 கார இணை அருகே ஒரே ஒரு பட்டை மட்டும் மிஞ்சினால், ஒற்றை நியூக்கிளியோசோம் வரை வெட்டு முடிந்துவிட்டது என்று பொருள். அது தன்னளவில் கேடன்று, ஆனால் 150 கார இணைக்கு மேல் நீளும் பிசிஆர் துண்டுக்கு அங்கே வார்ப்பு கிடைக்காது. பிரைமர்களை 60 முதல் 100 கார இணைக்குள் அடங்குமாறு மாற்றி வடிவமையுங்கள். 147க்கும் கீழே பட்டை இறங்கிவிட்டால் நியூக்கிளியோசோமின் உள்ளேயே நொதி கடித்துவிட்டது. அந்த மாதிரியைத் தூக்கி எறிந்துவிட்டு, நொதியின் அளவைப் படிப்படியாகக் குறைத்து ஒரு தொடர் ஓட்டுவதே குறைந்த செலவு.

## அறிகுறி 3: ஐஜிஜிக்கும் ஆன்டிபாடிக்கும் வேறுபாடே இல்லை

இந்த அறிகுறி இரண்டு வழியாகப் பிரிகிறது. கணக்கைச் சரியாகப் போட்ட பிறகுதான் எந்த வழி என்று தெரியும். 1 சதவீத இன்புட் வைத்திருந்தால் அதன் சிடி (பிசிஆரில் சமிக்ஞை எழும் சுற்றின் எண்) மதிப்பிலிருந்து 6.64 ஐக் கழித்து, அதிலிருந்து மாதிரியின் சிடியைக் கழித்து, வந்த எண்ணை 2இன் அடுக்காக்கி 100ஆல் பெருக்கினால் இன்புட் சதவீதம் கிடைக்கும். நல்ல ஆன்டிபாடி, செயல்படும் புரோமோட்டர், ஹெச்3-கே4 மும்மெத்தில் என்றால் 1 சதவீதத்துக்கு மேல் வர வேண்டும், ஐஜிஜி 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இது சட்டமன்று, கண்ணளவுதான். ஆனாலும் எந்தப் பக்கம் நடப்பது என்று முடிவெடுக்க இது போதும்.

### 3அ: இரண்டும் உயரமாக உள்ளன

ஆன்டிபாடியைப் பிடித்துள்ள காந்த மணிகளின் கழுவலில் தொடங்குங்கள். குறைந்த உப்பு, 500 மில்லிமோலார் சோடியம் குளோரைடு கொண்ட உயர் உப்பு, 250 மில்லிமோலார் லித்தியம் குளோரைடு, கடைசியில் டிஇ பஃபர் என்பது வழக்கமான வரிசை. ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் சுழல வேண்டும். காந்தத்தில் வைத்தபடியே ஊற்றி எடுப்பது கழுவல் ஆகாது. கடைசிக் கழுவலுக்கு முன் காந்த மணிகளைப் புதிய குழாய்க்கு மாற்றுங்கள், ஏனென்றால் பழைய குழாயின் சுவரில் ஒட்டிய டிஎன்ஏவும், மணிகளிலிருந்து டிஎன்ஏவை விடுவிக்கும் கரைப்பானோடு சேர்ந்து வந்துவிடும். செலவேயில்லாத இந்த ஒரு பழக்கம் பின்னணியைக் குறைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அது தீராவிட்டால் குரோமாட்டினை வேகமாகச் சுழற்றித் தெளிவித்தீர்களா என்று பாருங்கள். கரையாத துகள்கள் மணிகளோடு சேர்ந்து கீழே இறங்கும். பெரிய துண்டுகளும் இதே வேலையைச் செய்யும், ஆகவே அறிகுறி 1க்குத் திரும்ப வேண்டியிருக்கலாம். மணிகளைப் பிஎஸ்ஏ என்னும் புரதம் கொண்டு முன்கூட்டியே நிறைவிப்பது அடுத்த படி. சால்மன் மீனின் டிஎன்ஏவைக் கொண்டு நிறைவிப்பது பிசிஆரோடு நிற்பவர்களுக்குச் சரி. மாதிரியை டிஎன்ஏ வரிசைப்படுத்தலுக்கு அனுப்புபவர்கள் அதைத் தொடவே கூடாது, மீனின் வரிசைகளும் உங்கள் பணத்தில் படிக்கப்படும். எல்லாம் முடிந்த பின் ஆன்டிபாடியின் அளவைக் குறைத்துப் பாருங்கள். குரோமாட்டின் குறைவாகவும் ஆன்டிபாடி மிகுதியாகவும் இருந்தால் மிச்சமான ஆன்டிபாடி கண்டதையும் பிடிக்கும்.

### 3ஆ: இரண்டும் தரையோடு தரையாக உள்ளன

மொத்த ஹெச்3 குழாயைப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் அறிகுறி 4க்குச் செல்லுங்கள். அதுவும் தரையில் இருந்தால் குறிகளைப் பற்றிப் பேசுவதற்கு எதுவும் இல்லை. சோதனையின் இயந்திரமே ஓடவில்லை.

முதல் ஐயம் பிசிஆர் மீது. கரைப்பானிலிருந்து எஸ்டிஎஸ் தப்பி வந்திருந்தால் பிசிஆரைத் தடுக்கும். மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள்: சிடி ஏறக்குறைய 3.3 கூட வேண்டும். கூடாமல் அப்படியே நின்றாலோ குறைந்தாலோ தடுப்பான் இருக்கிறது. டிஎன்ஏவை மறுபடி சுத்திகரியுங்கள். இரண்டாவது ஐயம் எஸ்டிஎஸ் செறிவு மீது. 1 சதவீத எஸ்டிஎஸ்ஸில் உடைத்த குரோமாட்டினைப் பத்து மடங்கு நீர்க்காமல் ஆன்டிபாடி சேர்த்தால், அந்தச் சோப்பு ஆன்டிபாடியையும் சேர்த்தே குலைக்கும். மூன்றாவது, மணிகளின் பொருத்தம். முயலின் ஐஜிஜியை மணிகளின் மேலுள்ள புரோட்டீன் ஏ நன்றாகப் பிடிக்கும். எலியின் ஐஜிஜி1 வகையைப் புரோட்டீன் ஏ வலுவாகப் பிடிக்காது, அதற்குப் புரோட்டீன் ஜி தேவை. ஏ-ஜி கலந்த மணிகளை வாங்கி வைத்துக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது. நான்காவது, செல்களின் எண்ணிக்கை. ஒரு மனிதச் செல்லில் சுமார் 6.6 பிக்கோகிராம் டிஎன்ஏ உண்டு. 10 லட்சம் செல்லில் அதிகபட்சமாக 6.6 மைக்ரோகிராம்தான், கைக்கு வருவது அதிலும் குறைவு. துண்டாக்கிய குரோமாட்டினின் டிஎன்ஏவை அளந்து பார்த்த பின்னரே சோதனையைத் தொடங்க வேண்டும். தட்டை நுண்ணோக்கியில் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லும் செல் எண்ணிக்கையை நம்பக் கூடாது.

## அறிகுறி 4: மொத்த ஹெச்3 நன்றாக வருகிறது, குறி மட்டும் இல்லை

நேரம் எடுத்துப் படிக்க வேண்டிய பகுதி இது. இங்கே வந்துவிட்டவர்கள் பிணைப்பு, துண்டாக்கல், மணிகள், பிசிஆர் ஆகிய எல்லாவற்றையும் கடந்துவிட்டார்கள். மீதி நான்கு வாய்ப்புகள்.

பிரைமர் தவறான இடத்தில் இருக்கலாம். ஒவ்வொரு குறிக்கும் மரபணுவில் ஓர் இருப்பிடம் உண்டு. ஹெச்3-கே4 மும்மெத்தில் புரோமோட்டரைச் சுற்றிக் குறுகி நிற்பது; ஹெச்3-கே36 மும்மெத்தில் படியெடுக்கப்படும் மரபணுவின் உடலில், அதன் பின்பாதியை நோக்கி ஏறுவது; ஹெச்3-கே27 மும்மெத்தில் அகலமாகப் பரவுவது. கே36 குறியைப் புரோமோட்டரில் தேடி ஏமாந்தவர்கள் உண்டு. அதிலும் நுட்பமான ஒன்று: செயல்படும் மரபணுவின் படியெடுப்புத் தொடங்கும் புள்ளிக்குச் சற்று முன்னே நியூக்கிளியோசோம் விலகிய வெற்றிடம் இருக்கும். பிரைமர் அந்த வெற்றிடத்தில் அமர்ந்தால், பிடிப்பதற்கு ஹிஸ்டோனே அங்கே இல்லாதபோது குறி எங்கிருந்து வரும்? அந்த ஒரு பிரைமருக்கு மட்டும் மொத்த ஹெச்3யும் சரிந்திருக்கும், அதுதான் அடையாளம். பிரைமரை 100 முதல் 300 கார இணை கீழ்நோக்கி நகர்த்துங்கள். பிரைமருக்கு ஆகும் செலவு ஆன்டிபாடியின் விலையில் சிறு பங்கே.

குறி அழிந்திருக்கலாம். மெத்தில் குறிகள் பொதுவாக நிலையானவை. அசெட்டைல் குறிகள் அப்படியல்ல. அசெட்டைலை நீக்கும் ஹிஸ்டோன் டிஅசெட்டைலேஸ் நொதிகள் செல் உடைந்த பின்னும் வேலையை நிறுத்துவதில்லை. அசெட்டைலைத் தேடுபவர்கள் கழுவும் பஃபரிலிருந்து தொடங்கி எல்லாவற்றிலும் அந்த நொதிகளைத் தடுக்கும் சோடியம் பியூட்டிரேட்டை 5 முதல் 10 மில்லிமோலார் வரை சேர்க்க வேண்டும். பிணைக்காத குரோமாட்டினில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் கட்டாயம். பாஸ்பேட் குறிகளுக்கு இதே காரணத்தால் பாஸ்பட்டேஸ் தடுப்பான்கள் தேவை. செல் வளர்ப்பின் நிலையும் கணக்கில் சேரும்: அசெட்டைல் குறியின் மூலப்பொருளான அசெட்டைல் கோஏ குளுக்கோஸிலிருந்து வருவதால், ஊடகம் மாற்றாமல் நெருங்கி வளர்ந்த தட்டில் அசெட்டைல் அளவே குறைந்திருக்கக்கூடும்.

ஆன்டிபாடி கெட்டிருக்கலாம், அல்லது மறைக்கப்பட்டிருக்கலாம். கிளிசரால் கலந்த ஆன்டிபாடி -20 டிகிரியில் உறையாது. கலக்காதது உறைந்து உருகும் ஒவ்வொரு முறையும் வலுவிழக்கும். தானாகப் பனி நீக்கும் உறைபெட்டிகள் சுழற்சிதோறும் சூடாகிக் குளிர்பவை, ஆகவே அவற்றில் ஆன்டிபாடியை வைப்பது சரியன்று. மின்தடை அடிக்கடி வரும் இடங்களில் சிறு பங்குகளாகப் பிரித்து வைப்பதே வழி. மறைப்பு என்பது வேறு. கே9க்கு அடுத்தது 10ஆம் செரின், கே27க்கு அடுத்தது 28ஆம் செரின். செல் பிரியும்போது இந்தச் செரின்கள் பாஸ்பேட் ஏற்கும். அப்போது பக்கத்து லைசினில் குறி இருந்தாலும் பல ஆன்டிபாடிகளால் அதை அடையாளம் காண முடியாது. செல் பிரிவைத் தடுத்து நிறுத்தும் மருந்து கொடுத்த மாதிரியில் கே9 குறி திடீரென மறைந்தால், அது மறைந்ததா மறைக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

செல்லில் அந்தக் குறியே இல்லாமல் இருக்கலாம். சிறுவர்களின் மூளைத்தண்டில் வரும் ஒருவகைப் புற்றுநோய்ச் செல்களில், ஹெச்3இன் 27ஆம் லைசின் மெத்தியோனைனாக மாறியிருக்கும். 2012இல் வெளியான இந்த மாற்றம் செல் முழுவதும் ஹெச்3-கே27 மும்மெத்திலைச் சரித்துவிடுவது. அத்தகைய செல்லில் அந்தக் குறி வரவில்லை என்றால் சோதனை சரியாகவே நடந்திருக்கிறது. செல் வரிசையின் மரபணு மாற்றப் பட்டியலைப் படிக்கக் காசு ஏதும் செலவில்லை.

இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகு, அதே செல்லிலிருந்து ஹிஸ்டோனைப் பிரித்து அதே ஆன்டிபாடியால் ஒரு வெஸ்டர்ன் (ஜெல்லில் பிரித்த புரதத்தைச் சவ்வுக்கு மாற்றி ஆன்டிபாடியால் காணும் சோதனை) பாருங்கள். அதிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் லாட் (உற்பத்தித் தொகுதி) எண்ணைக் குறித்துக்கொண்டு உற்பத்தியாளரின் தொழில்நுட்ப உதவிக்கு எழுதுங்கள். எழுதும்போது ஜெல் படம், நேர்மறை இடத்தின் சிடி, மொத்த ஹெச்3இன் சிடி மூன்றையும் இணைத்தால் அவர்களால் "நெறிமுறையைச் சரிபாருங்கள்" என்று தட்டிக்கழிக்க முடியாது. இங்கே ஓர் ஆன்டிபாடியின் விலை ஆய்வு மாணவரின் ஒரு மாத உதவித்தொகையையே விழுங்கக்கூடியது. மாற்று லாட் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

## அறிகுறி 5: குறி எல்லா இடத்திலும் இருக்கிறது

குறி இருக்க வேண்டிய நேர்மறை இடத்திலும், இருக்கக் கூடாத எதிர்மறை இடத்திலும் ஒரே உயரம். ஐஜிஜி மட்டும் கீழே. ஆன்டிபாடி மீது முதல் ஐயம் கொள்ள உரிமை உள்ள ஒரே அறிகுறி இதுதான்.

கே9ஐச் சுற்றியும் கே27ஐச் சுற்றியும் உள்ள அமினோ அமிலங்கள் ஒன்றே: அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். ஒன்றுக்கு வளர்த்த ஆன்டிபாடி மற்றதைப் பிடிப்பதில் வியப்பில்லை. இருமெத்திலையும் மும்மெத்திலையும் பிரித்தறியாத ஆன்டிபாடிகளும் சந்தையில் உண்டு. இருநூற்றுக்கும் மேற்பட்ட ஹிஸ்டோன் ஆன்டிபாடிகளைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் தனித்தன்மைத் தேர்வில் தோற்றன. ஆகவே பொட்டலத்தின் மேல் அச்சிட்ட பெயர் சான்றாகாது.

மலிவான சோதனை புள்ளி ஒற்றல்: ஒரே லைசினின் ஒற்றை, இரு, மும்மெத்தில் வடிவங்களையும், மாற்றமில்லா வடிவத்தையும், குழப்பத்துக்கு இடமுள்ள மற்ற லைசினின் வடிவத்தையும் கொண்ட பெப்டைடுகளைச் சவ்வில் சொட்டுச் சொட்டாக வைத்து ஆன்டிபாடியால் பார்ப்பது. இதில் தேறிய ஆன்டிபாடி சிப்பில் தேறும் என்ற உறுதி இல்லை, ஆனால் இதில் தோற்றதைச் சிப்பில் பயன்படுத்தவே கூடாது. அடுத்த நிலை, குறி தெரிந்த செயற்கை நியூக்கிளியோசோம்களைக் குரோமாட்டினோடு கலந்து ஓட்டுவது. செலவு கூடும், ஆனால் சோதனை நடக்கும் அதே சூழலில் தனித்தன்மையை அளப்பது அது ஒன்றுதான். புதிய லாட் வந்தவுடன் பழைய லாட்டின் கடைசிச் சிறு பங்கோடு அதை அருகருகே ஓட்டுவதை ஆய்வுக்கூடத்தின் விதியாக்கிக்கொள்வது நல்லது.

ஆன்டிபாடி குற்றமற்றது என்று தெரிந்தால், உங்கள் எதிர்மறை இடம் உண்மையிலேயே எதிர்மறையா என்று கேளுங்கள். உங்கள் செல் வகையின் வெளியிடப்பட்ட தரவை மரபணுத்தொகுதி உலாவியில் திறந்து பார்க்கச் சில நிமிடம் போதும்.

## அறிகுறி 6: தடுப்பு மருந்து கொடுத்தும் குறி மாறவில்லை

முதலில் காலத்தைப் பாருங்கள். டிஅசெட்டைலேஸ் தடுப்பான்கள், எடுத்துக்காட்டாக 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வோரினோஸ்டாட், சில மணி நேரத்தில் அசெட்டைல் அளவை உயர்த்தும். 2020இல் அனுமதி பெற்ற டசமெட்டோஸ்டாட் போன்ற, கே27இல் மெத்திலை எழுதும் ஈஇசட்ஹெச்2 நொதியின் தடுப்பான்கள் அப்படியல்ல. இருக்கும் மெத்தில் குறியை அவை அழிப்பதில்லை, புதிதாக எழுதுவதைத்தான் நிறுத்துகின்றன. செல் பிரியப் பிரியப் பழைய குறி நீர்த்துப்போக நாள்கள் ஆகும். ஒரே நாளில் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

காலம் சரியாக இருந்தும், வெஸ்டர்னில் குறி சரிந்திருந்தும், வரிசைப்படுத்தலில் மட்டும் மாற்றம் தெரியவில்லை என்றால் கணக்கு முறையே உங்களை ஏமாற்றுகிறது. ஒரு வீட்டில் எல்லோருடைய வருமானமும் ஒரே விகிதத்தில் பாதியானால், மொத்தத்தில் ஒவ்வொருவரின் பங்கு அப்படியேதான் இருக்கும்; வரிசைப்படுத்தலில் மொத்த வாசிப்புகளை (படித்த டிஎன்ஏ துண்டுகளின் எண்ணிக்கையை) மாதிரிகளிடையே சமமாக்கும்போதும் இதுவே நடக்கிறது. குறி எங்கும் ஒரே அளவில் சரிந்தால் வரைபடம் பழையபடியே தோன்றும். இதற்கு மருந்து, ஆன்டிபாடி சேர்க்கும் முன்பே எல்லா மாதிரிகளிலும் ஒரே அளவில் டிரோசோபிலா ஈயின் குரோமாட்டினைக் கலந்து, அதன் வாசிப்புகளைக் கொண்டு மனித வாசிப்புகளை அளவிடுவது. உங்கள் ஆன்டிபாடி ஈயின் அதே குறியையும் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஈக்கு மட்டுமே உரிய ஹெச்2ஏவி ஹிஸ்டோனின் ஆன்டிபாடியை எல்லாக் குழாய்களிலும் சிறிதளவு சேர்க்கலாம். முடிந்துபோன சோதனைக்கு இதைப் பின்னர் சேர்க்க வழியில்லை. எந்தப் புள்ளியியல் வல்லுநராலும் இல்லாத அளவுகோலை உருவாக்கித் தர முடியாது, ஆகவே வல்லுநரிடம் போக வேண்டிய நேரம் மாதிரி தயாரிப்பதற்கு முன்பே.

இன்புட் சதவீதம் பார்க்கும் பிசிஆருக்கு இந்தச் சிக்கல் குறைவு. செல்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால் அதுவே மாற்றத்தைக் காட்டிவிடும்.

## அறிகுறி 7: சரிபார்க்கும் வெஸ்டர்னில் பட்டையே இல்லை

ஹெச்3 ஜெல்லில் சுமார் 17 கிலோடால்டனில் ஓடும். பட்டை இல்லை என்றால் எந்தக் கரைசலில் செல்லை உடைத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ரிப்பா பஃபரில் உடைத்துச் சுழற்றி மேல்திரவத்தை மட்டும் எடுத்திருந்தால், குரோமாட்டினின் பெரும்பகுதியைக் கீழே படிந்த வண்டலோடு குப்பையில் போட்டுவிட்டீர்கள். உட்கருவைப் பிரித்து 0.2 மோலார் கந்தக அமிலத்தில் ஊறவைத்து ஹிஸ்டோனை எடுங்கள். இரண்டாவது, சவ்வின் துளை: 0.45 மைக்ரோமீட்டர் சவ்வின் வழியே சிறு புரதமான ஹிஸ்டோன் மறுபக்கம் போய்விடக்கூடும், 0.2 மைக்ரோமீட்டர் சவ்வே பொருத்தம். ஜெல் 15 சதவீதமாக இருக்கட்டும். ஒப்பீட்டுக்கு ஆக்டின் வேண்டாம். அமிலத்தில் எடுத்த மாதிரிக்கு மொத்த ஹெச்3தான் அளவுகோல்.

## அறிகுறி 8: எல்லாம் சரி, ஆனால் குறியும் மரபணுவும் முரண்படுகின்றன

ஹெச்3-கே4 மும்மெத்தில் நன்றாக இருக்கிறது, ஆனால் மரபணு உறங்குகிறது. சோதனையில் பிழை தேடுவதை இங்கே நிறுத்திக்கொள்ளலாம். பெரும்பாலும் சோதனை உண்மையையே சொல்கிறது. அதே இடத்தில் ஹெச்3-கே27 மும்மெத்திலையும் பாருங்கள். மரபணுவைத் திறக்கும் குறியும் (கே4 மும்மெத்தில்) மூடும் குறியும் (கே27 மும்மெத்தில்) ஒரே புரோமோட்டரில் சேர்ந்திருக்கும் நிலை, கருமூலச் செல்களில் 2006இலேயே விவரிக்கப்பட்டது. ஆனால் அது ஒரே செல்லில் இரண்டும் சேர்ந்திருப்பதா, அல்லது பாதிச் செல்லில் ஒன்றும் மீதியில் மற்றதுமா என்பதைச் சாதாரண சிப் சொல்லாது. முதல் ஆன்டிபாடி பிடித்ததை விடுவித்து இரண்டாவது ஆன்டிபாடியால் மறுபடி பிடிக்கும் தொடர் சிப் அதைச் சொல்லும், ஆனால் அதற்குப் பல மடங்கு செல்கள் தேவை. அதற்குமுன் மாதிரி ஒரே வகைச் செல்லா என்று உறுதி செய்யுங்கள்; திசுத் துண்டிலிருந்து வந்த மாதிரிக்கு இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் "இல்லை" என்பதே விடை, அப்போது செல்களைப் பிரித்துத் தரும் ஃப்ளோ சைட்டோமெட்ரி மையத்தில் நேரம் கேட்டு வாங்குவதே அடுத்த படி.

## அறிகுறி 9: பிசிஆரில் நன்று, வரிசைப்படுத்தலில் மோசம்

பணம் கட்டும் முன் நூலகத்தின் (வரிசைப்படுத்தலுக்குத் தயாரித்த டிஎன்ஏ தொகுப்பின்) துண்டு நீளப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். 120 முதல் 130 கார இணை அருகே கூர்மையான முகடு இருந்தால் அது, மாதிரித் துண்டுகளின் முனைகளில் ஒட்ட வேண்டியதற்குப் பதிலாக ஒன்றோடொன்று ஒட்டிய அடாப்டர்கள். அதை நீக்காமல் ஓட்டச் சம்மதிக்காதீர்கள். வாசிப்புகளின் தேவையும் குறிக்குக் குறி வேறுபடும்: மரபணுத்தொகுதியின் செயல்பகுதிகளைப் பட்டியலிடும் என்கோட் கூட்டமைப்பின் தர அளவுப்படி, கே4 மும்மெத்தில் போன்ற குறுகிய குறிகளுக்கு 2 கோடி பயன்படும் துண்டுகளும், கே27 மும்மெத்தில் போன்ற அகன்ற குறிகளுக்கு 4.5 கோடியும் வேண்டும். அகன்ற குறிக்குக் குறுகிய குறியின் பணத்தைக் கட்டிவிட்டு, குறி குவிந்த இடங்களைக் காட்டும் முகடுகள் தெரியவில்லை என்று வருந்துபவர்கள் பலர். நகல் வாசிப்புகள் மிகுந்திருந்தால் தொடக்க டிஎன்ஏ போதாமல் பிசிஆர் சுற்றுகளைக் கூட்டியிருக்கிறார்கள் என்று பொருள், அதற்கு மறுபடி வரிசைப்படுத்துவது தீர்வன்று. அதிகச் செல்களோடு சிப்பை மீண்டும் செய்ய வேண்டும். இவை அனைத்தும் சரியாக இருந்தும் முகடுகள் எழவில்லை என்றால், மூலக் கோப்புகளையும் இன்புட்டின் கோப்பையும் சேர்த்து உயிர்த்தகவலியல் வல்லுநரிடம் கொடுங்கள். அகன்ற குறிக்குக் குறுகிய முகடு தேடும் அமைப்பில் நிரலை ஓட்டியிருக்கிறீர்களா என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.